கடைசி வரிசையிலிருந்து போன கேள்வி

மனிதகுலத்தின் எதிர்காலத்தை அச்சுறுத்தும் பெரிய பிரச்சினைகள் என்று அந்த நோட்டீஸில் போட்டிருந்தது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் ஒரு பேச்சு, மொத்தம் பத்துப் பேச்சு. பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர்கள் வந்து தமிழில் பேசுவார்கள். நெய்வேலி நகரியத்தில் ஒரு நூலகத்தின் மாடியில் கூட்டம். யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் கிடையாது, தேநீர் உண்டு.

நோட்டீஸை என் கையில் கொடுத்தவர் எங்கள் கன்வேயர் ஆபரேட்டர். அந்தப் பேச்சுகளை ஏற்பாடு செய்த வாசகர் குழுவுக்கு அவர்தான் செயலாளர்.

"யார் வேணும்னாலும் வரலாம்னு போட்டிருக்கு பாரு. அதுல நீயும் சேர்த்திதான்யா," என்றார்.

"நான் அஞ்சாவதோட நின்னவண்ணா."

"வாசல்ல நின்னு மார்க் ஷீட்டா கேக்கப்போறாங்க? தலையைச் சீவிக்கிட்டு வா, போதும்."

அவர் பெர்மனன்ட், நான் கான்ட்ராக்ட். பதினோரு வருடமாக ஒரே பெல்ட்டில் வேலை செய்தோம். சுரங்கத்துக்குள் மண்ணையும் நிலக்கரியையும் மைல் கணக்கில் இழுத்துக்கொண்டு போகிற ரப்பர் பெல்ட் அது. அவர் மேலே கேபினில் உட்கார்ந்து அதை ஓட்டுவார். நானும் இன்னும் நான்கு பேரும் கீழே நின்று, சிந்துகிற மண்ணை மண்வாரியால் அள்ளி மேலே போடுவோம். மழைக்காலத்தில் அது மண்ணாக இருக்காது, மாவாக இருக்கும். அள்ளினால் மண்வாரியோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்னும்.

பெல்ட்டைத் தாங்குகிற இரும்பு உருளைகளை ரோலர் என்போம். ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றைப் பிடித்திருக்கும் சட்டத்துக்கு ஸ்டாண்ட் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஒரு ரோலருக்குள் கிரீஸ் காய்ந்துபோனால் மெல்லக் கத்த ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் சூடேறி பெல்ட்டே தீப்பிடித்துக்கொள்ளும். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் அந்தக் கத்தல் எனக்குக் கேட்கும். எப்படிக் கேட்கிறது என்று சொல்லத் தெரியாது. கூட்டத்தில் சொந்தப் பிள்ளை அழுதால் தெரிவதில்லையா, அப்படித்தான். நான் கேபினுக்கு ஏறிப்போய், "நாப்பத்தி மூணாவது ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கத்துதுண்ணா," என்பேன். அவர் லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஃபிட்டர்கள் வந்து மாற்றிவிட்டுப் போவார்கள்.

அந்தப் புத்தகத்தில் நான் எழுதியதில்லை. எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. கீழே இருப்பவன் வாயால் சொல்வது, மேலே இருப்பவர் கையால் எழுதுவது என்பது எங்களுக்குள் தானாக வந்துவிட்ட பழக்கம். ஒரு வருடம் பாதுகாப்பு வாரத்தில், பழுதுகளை முன்கூட்டியே கண்டுபிடித்ததற்காக அவருக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு கொடுத்தார்கள். மறுநாள் அதில் கறிக்குழம்பும் சோறும் கொண்டுவந்து என்னை உட்காரவைத்துப் பரிமாறினார். "காது உன்னுது, கேரியர் என்னுது," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். குழம்பு நன்றாக இருந்தது. மீதியைக் கேரியரோடு என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மனதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

முதல் பேச்சு மாசி மாதத்தில் நடந்தது. வடலூர் பக்கத்திலிருந்து சைக்கிளில் போனேன். மாடிப்படி ஏறுவதற்கு முன் இரண்டு தடவை திரும்பிப்போகப் பார்த்தேன். மேலே நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. முன்வரிசை அதிகாரிகளுக்கு, அடுத்த வரிசைகள் ஆசிரியர்களுக்கும் குடும்பத்தோடு வந்தவர்களுக்கும். கடைசி வரிசையில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. பத்து மாதமும் அதில்தான் உட்கார்ந்தேன்.

ஒரு பேராசிரியை எல்லாக் கூட்டங்களையும் தலைமை தாங்கி நடத்தினார். குள்ளமான அம்மா. பருத்திப் புடவை, பெரிய கண்ணாடி. தெரிந்ததை எல்லாம் கொட்டிவிடவேண்டும் என்று அவசரப்படாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசுவார். பூமி சூடாகிக்கொண்டே போவதைப் பற்றி அன்று சொன்னார். திரையில் உலகப் படம் மஞ்சளிலிருந்து சிவப்பாகிக்கொண்டே போனது. கத்திரி வெயிலில் சுரங்கத்தின் அடியில் நிற்கிறவனுக்குச் சூடு புதிதல்ல. ஆனால் நான் தலையில் வாங்குகிற வெயிலும், எங்கோ பனிமலை உருகுவதும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்று அதற்குமுன் எனக்கு யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை நிறுத்தி, வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. நிலத்தடி நீர், உணவு, தொற்றுநோய், போர், மனிதர்கள் இடம்பெயர்வது என்று ஒவ்வொரு மாதமும் ஒன்று. இரண்டாவது ஞாயிறு வேலை நாளாக விழுந்தால், யாருக்காவது இரண்டாம் ஷிப்ட் பார்த்துக்கொடுத்து மாற்றிக்கொண்டேன். என் மனைவி கேலி செய்வாள்.

"இந்த மாசம் எதால அழியப்போவுதாம் ஒலகம்?"

"அழியுதுன்னு சொல்லல. ஆபத்துன்னுதான் சொல்றாங்க."

"ரேஷன் கடைல பருப்பு போடறதுக்குள்ள அழிஞ்சிடாதில்ல? கேட்டுகினு வா."

கேட்டுக்கொண்டு வருவதுதான் என்னால் முடியாத காரியம். ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம் உண்டு. கையைத் தூக்கினால் செயலாளர், அதாவது எங்கள் ஆபரேட்டர், மைக்கைக் கொண்டுவந்து கொடுப்பார். கேட்பவர்கள் எழுந்து முதலில் பெயரையும், பிறகு எந்தத் துறையில் என்ன வேலை என்பதையும் சொல்வார்கள். அப்படிச் சொல்லவேண்டும் என்று விதி இல்லை. நகரியத்தில் எல்லோரும் அப்படித்தான் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். நான் என்னவென்று சொல்வது? தேநீர் நேரத்தில்கூடக் கூட்டம் கலைந்த பிறகுதான் கப்பை எடுப்பேன்.

எட்டாவது பேச்சு சிந்திக்கும் இயந்திரங்களைப் பற்றியது. இளம் பேராசிரியர் ஒருவர், சத்தத்தை வைத்தே எந்திரத்தின் நோயைச் சொல்லிவிடும் கருவி வந்துவிட்டது என்றார். ஒரு சின்னப் பெட்டியின் படத்தையும் காட்டினார். மேடை ஓரத்தில் நின்றிருந்த ஆபரேட்டர் அத்தனை தலைகளையும் தாண்டி என்னைப் பார்த்தார், தன் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். அந்தப் பெட்டி வந்துவிட்டால் என் காது எதற்கு என்று தோன்றினாலும், அந்த மண்டபத்தில் என்னைத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த ஐப்பசியில்தான் என் மச்சான் ஆள் அனுப்பினார். என் மனைவியின் அண்ணன். காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தோப்பை வருடக்கணக்காக விளைச்சலில் பங்கு வைத்து வாரத்துக்குப் பார்த்துவந்தார். இடையிடையே பலாமரங்களும் உண்டு. சொந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். மச்சானுக்கு முழங்கால் போய்விட்டது. தன் இடத்தில் யாரைக் காட்டுகிறாரோ அவருக்குத் தோப்பை விட சொந்தக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். மூன்று வருட ஒப்பந்தம்.

"நீ வந்துடு மாப்ள. வெளியாளுக்கு விட மனசு வரல," என்றார் நான் போய்ப் பார்த்தபோது. "ஆனா மார்கழில மரம் பூவெடுத்துடும். அதுக்கு முன்னாடி மருந்து அடிக்கணும். கார்த்திகை தீபத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு."

எனக்கு நாற்பத்தாறு வயது. கான்ட்ராக்ட்டில் இருப்பவனுக்குச் சொத்து என்று ஒன்று உண்டென்றால் அது அவன் வேலைபார்த்த வருடங்கள்தான். வரிசையில் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கிறோம், ஒருநாள் பெர்மனன்ட் ஆவோம் என்ற நினைப்பில்தான் ஒவ்வொருவனும் மண்வாரியைத் தூக்குகிறான். தோப்புக்குப் போனால் அந்த வருடங்கள் எல்லாம் அன்றோடு போச்சு. போகாமல் இருந்து, என் முறை வருவதற்குள் உலகம் நிலக்கரியை விட்டுவிட்டால் அப்போதும் போச்சு. உலகம் அதை விடத்தான் போகிறது என்று எட்டு மாதமாக அந்த மாடியில் கேட்டுக்கொண்டிருந்தேன். எப்போது, எப்படி, என் மாதிரி ஆளை என்ன செய்வார்கள் என்பதுதான் தெரியவேண்டியிருந்தது. ஒன்பதாவது பேச்சு மின்சாரத்தையும் எரிபொருளையும் பற்றியது. பேசப்போவதும் அந்த அம்மாதான்.

"ஒரு கேள்வி கேக்கணும்ணா," என்று கேன்டீனில் ஆபரேட்டரிடம் சொன்னேன்.

"அட! பேசற ஆளா நீ? கேளு, கேளு. மைக்கை நேரா உன்கிட்டயே கொண்டாரேன்."

"என்னால எழுந்து நிக்க முடியாதுண்ணா. நீங்க கேட்டுடுங்க."

தோப்பு விஷயத்தை முழுதாகச் சொன்னேன். தீபத்துக்குள் பதில் சொல்லவேண்டும் என்பதையும் சொன்னேன். பிறகு கேள்வியைச் சொன்னேன். கரியை நிறுத்தும் நாள் வந்தால் எங்களைப்போல கான்ட்ராக்ட்டில் இருப்பவர்களை யாராவது கணக்கில் எடுப்பார்களா, எவ்வளவு காலத்துக்கு முன்னால் எங்களிடம் சொல்வார்கள், கையில் வேறு வழி இருப்பவன் இப்போதே போய்விடுவது நல்லதா. மூன்று இரவு யோசித்துச் சேர்த்த கேள்வி. அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ரோலர் கத்துவதைச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கும்போது வரும் நிம்மதி எனக்கு வந்தது. சொல்லவேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது, இனி அவர் பார்த்துக்கொள்வார்.

அந்த ஞாயிறு மண்டபம் நிரம்பியிருந்தது. சுவரோரமாகவும் ஆட்கள் நின்றார்கள். சூரியன், காற்று, கரி, அணு என்று எல்லாவற்றையும் அந்த அம்மா நிதானமாக எடுத்து வைத்தார். பழைய எரிபொருள்களை விட்டு உலகம் நகர்ந்துதான் ஆகவேண்டும், வேகம்தான் நாட்டுக்கு நாடு மாறும் என்றார். கேள்வி நேரம் வந்ததும் ஆபரேட்டர் மைக்கை யாரிடமும் கொடுக்காமல் தன் வாயருகே வைத்துக்கொண்டார். தன் பெயரைச் சொன்னார், துறையைச் சொன்னார்.

"மேடம், என்னை ரொம்ப நாளா உறுத்துகிற ஒரு கேள்வி. இப்படி ஒரு மாற்றம் வரும்போது, நிறுவனங்களில் பணியாற்றும் ஊழியர்களாகிய நாங்கள் எங்களை எப்படித் தயார்படுத்திக்கொள்ள வேண்டும்?"

அவ்வளவுதான். மீதி வரும் என்று நான் காத்திருந்தேன். அவர் மூச்சு வாங்குகிறார், இப்போது கான்ட்ராக்ட் என்ற சொல் வரும் என்று நாற்காலி நுனியில் இருந்தேன். அவர் மைக்கைக் கீழே இறக்கிவிட்டார்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஒன்பது கூட்டங்களில் கேட்ட கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான் என்றார். பணிப்பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் புதுப் பயிற்சி தரவேண்டும், வேறு பிரிவுக்கு மாற்றவேண்டும், ஓய்வூதியத்தைக் காப்பாற்றவேண்டும் என்று நீளமாகப் பதில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் தட்டியதால் நானும் தட்டினேன். அந்தப் பதிவேட்டில் நான் இல்லை. ஆபரேட்டர் கைகூப்பி மண்டபத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். கடைசி வரிசைப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு அவரே தேடி வந்தார்.

"கேட்டுட்டேன்ல? எப்படி ஒரு கைதட்டல் பாத்தியா உன் கேள்விக்கு!"

"கான்ட்ராக்ட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லலியேண்ணா."

"முன்வரிசைல யார் யார் இருந்தாங்கன்னு பாத்தேல்ல? அங்க போய் அதைக் கேட்டா வேற மாதிரி ஆயிடும்யா. விடு, மேடம் இப்ப நம்ம குவார்ட்டர்ஸுக்குத்தான் சாப்பிட வராங்க. தனியா உட்கார வச்சு முழுசாக் கேட்டுடறேன். நாளைக்குச் சொல்றேன், சரியா?"

சரி என்றேன். அது நியாயமாகவும் பட்டது. மறுநாள் முதல் ஷிப்டில் கேபினுக்கு ஏறினதும் அவரே ஆரம்பித்தார். "கேட்டேன்யா. கஷ்டமான கேள்வின்னாங்க. பெரிய ஆளுங்ககிட்ட விசாரிச்சு அடுத்த மாசம் வரும்போது சொல்றேன்னாங்க. அதுவரைக்கும் அவசரப்பட்டு எதுவும் முடிவு பண்ணாத. பதினோரு வருஷத்தைத் தூக்கிப் போட்டுட்டு முந்திரிக்கொட்டை பொறுக்கப் போவியா?"

அடுத்த பேச்சு வரட்டும் என்று காத்திருந்தேன். தீபத்துக்கு முதல் நாள் மச்சான் போன் செய்தார்.

"என்னா மாப்ள, வரியா இல்லியா? சொந்தக்காரங்க கேட்டுகினே இருக்காங்க."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க மச்சான். ஒரு பேராசிரியர்கிட்ட கேட்டிருக்கு. அவங்க சொல்லிடுவாங்க."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "பேராசிரியரா வந்து மரத்துக்கு மருந்து அடிக்கப்போறாரு? சரி, இன்னும் ஒரு வாரம் பாக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சரின்னு சொல்லேன். உன் வாயில என்னா வச்சுகினு இருக்கற?" என்றாள். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு பேச்சு, அன்றைக்குத் தெரிந்துவிடும் என்றேன்.

பத்தாவது பேச்சு நிறைவு விழா. மாலை, பொன்னாடை, நன்றியுரை. கேள்வி நேரமே இல்லை. பேராசிரியை தன் பேச்சில், போன மாதம் செயலாளர் கேட்ட கேள்வி தன் வகுப்பு மாணவர்களிடம் கூடப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார். ஆபரேட்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் எழுந்து படியிறங்கி, வாசலில் நின்ற காருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். என் வாழ்க்கையில் ஒரு காருக்காக நான் காத்து நின்றது அன்றுதான். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா தனியாகத்தான் இறங்கி வந்தார். நான் சொல்லிவைத்தது எல்லாம் மறந்துபோனது.

"மேடம், அந்தக் கேள்வி... கான்ட்ராக்ட் ஆளுங்க பத்தினதுங்க."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "நீங்கதானா அந்த முந்திரித் தோப்பு?"

தலையை ஆட்டினேன்.

"நான் அன்னைக்கே உங்க நண்பர்கிட்ட தெளிவா சொன்னேனே. மாற்றம் வந்தா முதல்ல வெளிய போறவங்க உங்களை மாதிரி இருக்கிறவங்கதான், முன்கூட்டி யாரும் சொல்லவும் மாட்டாங்க, என் அபிப்பிராயத்துல கையில தோப்பு இருந்தா விட வேண்டாம்னு. அவருக்கு நாள் இல்லைன்னீங்களே, உடனே போய்ச் சொல்லுங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்லியனுப்பினேன். உங்க நண்பர் சொல்லலையா?"

"சொன்னாருங்க, சொன்னாருங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வெளியூர் அம்மாவின் முன்னால் எங்கள் ஆளைக் காட்டிக்கொடுக்க நாக்கு எழவில்லை. பதினோரு வருடம் அவர் வாயால் பேசிப் பழகியவனுக்கு, அவர் பொய் சொன்னார் என்று சொல்ல சொந்த வாய் இல்லாமல் போய்விட்டது போலிருக்கிறது.

"அப்ப என்ன திரும்பவும் யோசனை?" என்றார் அந்த அம்மா. கோபம் இல்லை. நேரமாகிவிட்டது என்று ஓட்டுநரைப் பார்த்தார். "போயிடுங்க. நல்லா இருப்பீங்க." கார் கிளம்பிவிட்டது.

திரும்பினால் படியின் கடைசியில் ஆபரேட்டர் நிற்கிறார், தோளில் பொன்னாடையோடு. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றார்.

"போன மாசம் உங்ககிட்ட சொன்னதைச் சொன்னாங்கண்ணா."

பொன்னாடையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்குய்யா. நீ போயிட்டா அந்தச் சத்தத்தை யாரு கேப்பா? எனக்குக் கேக்காதுன்னு உனக்கே தெரியும். ஒரு தடவை பெல்ட் எரிஞ்சுதுன்னா கடைசி நேரத்துல என் பேருதானே போகும்? ரெண்டே வருஷம். அதுக்கு மேல நானே உன்னை அனுப்பி வச்சிருப்பேன்," என்றார்.

"அதை என்கிட்ட கேட்டிருக்கலாமேண்ணா."

"கேட்டா இருந்திருப்பியா?"

இருந்திருப்பேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேபினில் உட்காரவைத்து, தம்பி, இன்னும் ரெண்டு வருஷம் என்னோட இரு என்று அவர் கேட்டிருந்தால், மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இருந்திருப்பேன். தெரிந்தே இருந்திருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சைக்கிள் பூட்டைத் திறக்கப் போனேன், சாவி கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

நேராக வடலூர் போய்ச் சைக்கிளைக் கடையோரமாக விட்டுவிட்டு பண்ருட்டி பஸ்ஸைப் பிடித்தேன். காடாம்புலியூரில் இறங்கும்போது மணி மூன்று இருக்கும். மச்சான் வாசலில் நாற்காலி போட்டு முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை அப்படியே நின்றுவிட்டது.

"இப்ப வந்துகினு நிக்கிறியே மாப்ள."

"நான் வந்துடறேன் மச்சான். நாளைக்கே வேணும்னாலும் வந்துடறேன்."

"வியாழக்கிழமை வாக்கு குடுத்துட்டேன். பண்ருட்டிக்காரரு. மருந்துகூட அடிச்சிட்டாரு. ஒரு வாரம்னேன், மேல ரெண்டு நாளும் பாத்தேன். என்னா பண்ணச் சொல்ற?"

"போன் பண்ணியிருக்கலாமே."

"நான் எத்தினி தடவ பண்றது? தங்கச்சிக்குப் பண்ணா, அவுரு யாரையோ கேட்டுகினு இருக்காருன்னு சொல்லுது. பண்ணவேண்டியவன் நீ இல்ல?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. உள்ளே இருந்து மோர் கொண்டுவரச் சொன்னார். குடித்தேன். தோப்பைப் பார்க்கிறாயா என்று அவரே கேட்டார், வேண்டாம் என்றேன். மரங்களில் அடித்த மருந்தின் வாசனை தெரு வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் முதல் ஷிப்டுக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது. இன்றும் அதே பெல்ட்டில்தான் இருக்கிறேன். ரோலர் கத்தினால் ஏறிப்போய்ச் சொல்கிறேன். பெல்ட் தீப்பிடித்தால் முதலில் மாட்டிக்கொள்வது கீழே நிற்கும் ஐந்து பேர் என்பதால் சொல்கிறேன். ஸ்டாண்ட் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். அவர் ஏதாவது பேச்சுக் கொடுப்பார். அடுத்த வருடமும் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வருகிறார்கள், புதுத் தலைப்புகள், உன் நாற்காலியை வைத்திருக்கிறேன் என்றார் ஒரு நாள். அண்ணா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அதை அவர் கவனித்தாரா என்று தெரியாது. கவனித்திருப்பார்.

துரோகம் என்பது எனக்குப் பெரிய சொல். நாடு, ராஜா, போர் என்று சொல்லும்போது வருகிற சொல். ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்ட கேள்விக்கு அதைச் சொல்லலாமா என்று எத்தனையோ நாள் யோசித்தேன். வேறு சொல் கிடைக்கவில்லை. அந்த மாடியில் உட்கார்ந்து, உலகத்துக்கு வரப்போகிற ஆபத்தை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு, எது எந்தப் பக்கமிருந்து வரும் என்று கவனமாக மனதில் வாங்கி வைத்தேன். எனக்கு வந்தது, கறிச்சோறு பரிமாறிய கையிலிருந்து வந்தது.

அன்று காடாம்புலியூரிலிருந்து வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். மனைவி கோலத்துக்காக வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் போனில் சொல்லியிருப்பார் போல, என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். அந்த அம்மா சொன்னது, நான் 'சொன்னாருங்க' என்றது, அவர் சாவியை எடுத்துக் கொடுத்தது வரைக்கும் சொன்னேன்.

"அந்தாளு கேரியர்ல சோறு போட்டப்பவே எனக்குத் தெரியும்," என்றாள். உண்மையில் அவளுக்கும் அப்போது தெரியாது. அன்று கேரியரைத் துலக்கி, அதில் முறுக்கு போட்டுத் திருப்பி அனுப்பியவள் அவள்தான்.

"மூணு வருஷம் கழிச்சு தோப்பு திரும்ப வருமா?" என்றாள்.

"பண்ருட்டிக்காரர் விட்டா வரும்னு மச்சான் சொல்றாரு."

"அதுவரைக்கும் இந்த வேலை இருக்குமா?"

பத்துப் பேச்சு கேட்டவன் நான். தெரியவில்லை என்றேன்.

துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்தாள். "பண்ருட்டிக்காரரு வூடு எங்கன்னு அண்ணங்கிட்ட கேட்டு வை. மூணு வருஷம் கழிச்சு விடுவாரான்னு அவர்கிட்ட இப்பவே கேக்கணும். நான் போவமாட்டேன், அண்ணனையும் அனுப்பமாட்டேன்," என்றாள். "நீதான் போவணும். நீயா வாயத் தொறந்து கேளு."

அடுத்த ஞாயிறு போனேன். பண்ருட்டியில் அவர் வீட்டுக்கு எதிரே டீக்கடையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு, பிறகு தெருவைக் கடந்தேன். கதவைத் திறந்தவர் யார் வேண்டும் என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். காடாம்புலியூர் தோப்பை விட்டவருடைய மாப்பிள்ளை என்றேன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டில் மண் அள்ளுகிறேன் என்றும் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். பிறகு கேள்வியைக் கேட்டேன்.

"மூணு வருஷம் கழிச்சு உலகத்துல என்ன நடக்கும்னு யாருக்குங்க தெரியும்?" என்று அவர் சிரித்தார். உட்காரச் சொன்னார்.